வீடு திரும்பும் பாடலும் வாசலில் கேட்கும் கேரலும்: எமிலூ ஹாரிஸின் 'லைட் ஆஃப் த ஸ்டேபிள்'

நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து வளர்ந்த அமெரிக்கக் கன்ட்ரி இசையில் கிறிஸ்துமஸ் பாடல் என்பது பெரும்பாலும் சொந்த ஊரைப் பற்றிய பாடல்தான். தொழுவமும் குழந்தையும் ஒருபுறம் இருக்க, பாடுகிறவரின் மனம் பனி மூடிய மண்சாலை, விறகடுப்பு, தேவாலய மணி, குளிரில் வீடு வீடாகக் கேரல் பாடிச் சென்ற சிறுவர் கூட்டம் என்று தன் பால்யத்தையே சுற்றிவரும். இவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டாலே கேட்பவர் கண் கலங்கிவிடுவார் என்ற நம்பிக்கையில் ஆண்டுதோறும் நவம்பரில் புதுப் பாடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன; பெரும்பாலானவை ஜனவரி பிறப்பதற்குள் மறந்துபோகின்றன. கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸ் 1979இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட 'லைட் ஆஃப் த ஸ்டேபிள்' என்ற இசைத்தொகுப்பு அப்படி மறக்கப்படவில்லை. ஊர் நினைவைப் பட்டியலிடும் பாடல் ஒன்றே ஒன்றைத் தொடக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பாடல் ஏங்குகிற ஒலி எதுவோ அதையே மீதி நேரம் முழுவதும் பாடிக் காட்டுகிறது என்பதே இத்தொகுப்பின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் சேர்த்துப் பத்துப் பாடல்கள். சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்தில் ஏறக்குறைய பாதி எந்தத் தேவாலயத்திலும் கேட்கக்கூடிய பழைய கேரல்கள். தயாரிப்பாளர் பிரையன் அஹெர்ன், அப்போது எமிலூவின் கணவர், கனடாக்காரர். 1970களில் எமிலூவின் தொகுப்புகள் பலவற்றை இவர், ஒரு பெரிய டிரக் வண்டிக்குள் அமைத்திருந்த 'எனாக்ட்ரான் டிரக்' என்னும் நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கொண்டு பதிவு செய்தார். வண்டி வீட்டு வாசலில் நிற்க, இசைக்கலைஞர்கள் வீட்டு அறைகளிலேயே அமர்ந்து வாசிப்பது அவர்களுடைய வழக்கம். இதைத் தொழில்நுட்பத் தகவல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அக்காலப் பதிவுகளில் கேட்கும் நெருக்கத்துக்கு, அதாவது பாடுகிறவர் மேடையில் அல்லாமல் அதே அறையில் சில அடி தூரத்தில் அமர்ந்திருக்கிறார் என்ற உணர்வுக்கு, இம்முறையும் ஒரு காரணம்.

முதல் பாடல் 'கிறிஸ்துமஸ் டைம்ஸ் அ-கமிங்'. இதை எழுதியவர் டெக்ஸ் லோகன். டெக்சாஸ் மாநிலத்துக்காரர், தேர்ந்த ஃபிடில் (வயலின்) கலைஞர், பின்னாளில் பெல் ஆய்வகத்தில் கணித ஆய்வாளராகப் பணியாற்றியவர். கன்ட்ரியின் ஒரு கிளையான, தந்திக் கருவிகளை வேகமாக வாசிக்கும் ப்ளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ 1951இல் இப்பாடலைப் பதிவு செய்த பிறகு, அந்த இசையை வாசிக்கும் குழுக்கள் டிசம்பரில் இதைத் தவறவிடுவதே இல்லை. வரிகளை மட்டும் காகிதத்தில் எழுதிப் படித்தால் முதல் பத்தியில் நான் குறை கூறிய அதே பட்டியல்தான் கிடைக்கும். பனி விழுகிறது, பழைய வீடு அழைக்கிறது, உயர்ந்த பைன் மரங்கள் முணுமுணுக்கின்றன, மணிகள் ஒலிக்கின்றன, மக்கள் பாடுகிறார்கள், வெள்ளை மெழுகுவர்த்திகள் எரிகின்றன. எந்தப் பொருளுக்கும் தனி அடையாளம் கிடையாது. எந்த ஊர், எந்த வீடு, யார் பாடுகிறார்கள் என்று பாடல் சொல்வதில்லை.

ஆயினும் பாடல் நிற்கிறது. அது இறந்தகாலத்தில் ஓரடிகூடப் பின்வாங்குவதில்லை என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வேன். ஊர் நினைவுப் பாடல்கள் வழக்கமாக 'அந்த நாளில் நாங்கள்' என்று தொடங்கி, இப்போது அவையெல்லாம் இல்லை என்று முடியும். லோகனின் பாடலோ முழுக்க முழுக்க வரப்போவதைப் பற்றியது. பனி விழத் தொடங்கியதும் கிளம்பிவிடுவேன் என்கிறார் பாடுகிறவர். பொறுமையில்லாமல் நடை ஓட்டமாகிறது. ஆனால் பாடல் முடியும் வரையில் அவர் வீடு போய்ச் சேர்வதில்லை. நினைவில் இருப்பது நிச்சயமாக மீண்டும் கிடைக்கும் என்ற குழந்தைத்தனமான உறுதி மெட்டின் வேகத்தில் தெரிகிறது. ஒருவேளை கிடைக்காமலும் போகலாம் என்ற ஐயத்தைக் கேட்பவர் தாமாகவே சேர்த்துக்கொள்கிறார். ரிக்கி ஸ்காக்ஸ் போன்ற ப்ளூகிராஸ் வல்லுநர் எமிலூவின் குழுவில் இருந்த ஆண்டுகள் அவை. அந்தப் பாடலுக்கு வேண்டிய துள்ளல் இப்பதிவில் குறைவின்றிக் கிடைக்கிறது. மன்றோவின் பழைய பதிவில் குரல் மலைக்காற்றைப் போல உயர்ந்து கிழியும். எமிலூ அந்த உயரத்துக்குப் போட்டியிடவில்லை. சற்றே மெல்லிய, விளிம்பில் லேசாக நடுங்கும் தன் குரலிலேயே பாடிச் செல்கிறார்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்தப் 'பழைய வீடு' எமிலூவுக்குச் சொந்தமானது அல்ல. 1947இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். தந்தை கடற்படைப் போர்வீரர் பிரிவின் அதிகாரி, கொரியப் போரில் கைதியாகச் சிறைப்பட்டவர். குழந்தைப் பருவம் வட கரோலினாவிலும் வர்ஜீனியாவிலுமாகக் கழிந்தது. நாட்டுப்பாடகியாக நியூயார்க் வரை சென்று பார்த்துவிட்டு, 1970களின் தொடக்கத்தில் பாடகர் கிராம் பார்சன்ஸைச் சந்தித்த பிறகுதான் கன்ட்ரி இசைக்குள் முழுமையாக நுழைந்தார். ஒரே பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை அல்லர் என்பதால், பைன் மரங்களுக்கு நடுவே உள்ள வீட்டை அவர் தம் உடைமையாகக் கொண்டாடாமல், எல்லோருக்கும் பொதுவான ஒரு வீடாகப் பாடுகிறார். சொந்தக் கதையைச் சொல்லி உருக்கும் முறையும் கன்ட்ரி இசையில் உண்டு. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1963இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் தொகுப்பில், ஏழை வீட்டுச் சிறுவனின் பண்டிகையைப் பேச்சாகவே சொல்லும் பகுதி அதற்கு நல்ல உதாரணம். அது கேஷின் குரலுக்குத் தகும். எமிலூ அதை முயன்றிருந்தால் நடிப்பாகப் போயிருக்கும்.

முதல் பாடல் முடிந்த கணத்திலேயே 'ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லெஹெம்' தொடங்குகிறது. தமிழ்ச் சபைகளில் 'ஓ பெத்லகேமே சிற்றூரே' என்று பாடப்படும் அதே பாடல். தொகுப்பின் வரிசையை அமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். ஊருக்கு ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று ஊர் எல்லையில் நின்று, உறங்கும் ஒரு சிற்றூரைப் பார்ப்பது போல இந்த இரண்டு பாடல்களும் அடுத்தடுத்து அமைந்துவிட்டன. முதல் பாடலில் தொலைவிலிருந்து கேட்பதாகச் சொல்லப்பட்ட மணியோசையும் பாட்டும் இனி நேரில் கேட்கும். ஃபிலடெல்ஃபியாவில் போதகராக இருந்த ஃபிலிப்ஸ் புரூக்ஸ், 1865இல் பெத்லகேமுக்குப் போய்வந்த நினைவை வைத்து, 1868இல் தம் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் பாடுவதற்காக எழுதிய பாடல் இது. மெட்டமைத்தவர் அந்தத் தேவாலயத்தின் ஆர்கன் கலைஞர் லூயிஸ் ரெட்னர். குழந்தைகளின் வாய்க்காகப் பிறந்த பாடலைப் பெரியவர்கள் கையில் எடுத்துக் கன ராகமாக மாற்றிவிடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. எமிலூ அதை மீண்டும் சிறிய பாடலாக்குகிறார். சொற்களை இழுக்காமல், வரி முடிந்த இடத்தில் மூச்சை விட்டு, ஒரு தெருவில் நின்று பாடக்கூடிய அளவிலேயே குரலை வைத்திருக்கிறார்.

அடுத்து வரும் 'அவே இன் எ மேஞ்சர்' பாடலையும் இதே நோக்கில் பார்க்கலாம். மார்ட்டின் லூதர் தம் குழந்தைகளுக்காக எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டாலும், அது 1880களில் அமெரிக்காவில் அச்சேறிய குழந்தைகளுக்கான பாடல்தான். இப்படிப் பார்த்தால், இத்தொகுப்பில் இடம்பெற்ற பாடல்களுள் கணிசமானவை குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை அல்லது குழந்தையைப் பேசவைப்பவை. 'லிட்டில் டிரம்மர் பாய்' பாடலில் பேசுபவனே ஓர் ஏழைச் சிறுவன். 'கோல்டன் க்ரேடில்' ஒரு தாலாட்டு. கேரல் பாடிச் சென்ற பால்யத்தைப் பற்றி இத்தொகுப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த வயதில் முதலில் மனப்பாடமாகும் பாடல்கள் எவையோ அவைதான் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன, அந்தக் கூட்டம் கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய கருவிகளின் ஒலிதான் பெரும்பாலும் முன்னிற்கிறது. நினைவை விவரிப்பதைவிட நினைவின் ஒலியை அப்படியே எழுப்புவது கடினமான வேலை. இங்கே அது நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். கன்ட்ரி இசை பிறந்த அப்பலாச்சிய மலைப்பகுதியில் பழைய காலத்துக் கிறிஸ்துமஸ் ஊர்வலம் நாம் வாழ்த்து அட்டைகளில் பார்க்கும் பவ்யமான கூட்டமாக எப்போதும் இருந்ததில்லை. நள்ளிரவில் அண்டை வீட்டைச் சூழ்ந்துகொண்டு துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டும், பாத்திரங்களைத் தட்டியும், மணியடித்தும் உறங்குபவர்களை எழுப்புவதுதான் பல ஊர்களில் வேடிக்கையாக இருந்தது. கன்ட்ரி பாடல்களின் ஊர் நினைவில் இந்த அமளி ஏறக்குறைய முழுவதுமாகத் துடைக்கப்பட்டுவிட்டது. எமிலூவின் தொகுப்பும் இதற்கு விதிவிலக்கு அன்று; முதல் பாடலின் ஓட்டத்தில் மட்டும் அந்தக் குறும்பின் மிச்சம் கொஞ்சம் தெரிகிறது.

குறைகளுக்கு வருவோம். முதல் பக்கத்தின் நான்காவது பாடலான 'ஏஞ்சல் ஐஸ்' இந்தத் தொகுப்பில் ஏன் இருக்கிறது என்பதற்கு எனக்கு இன்றுவரை நியாயம் கிடைக்கவில்லை. இதை எழுதிய ரோட்னி க்ரோவெல் நல்ல பாடலாசிரியர், எமிலூவின் குழுவிலேயே முன்பு இருந்தவர். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் குரலும் இதில் சேர்கிறது. தனியே கேட்டால் இனிய காதல் பாடல். ஆனால் இரு கேரல்களுக்கு நடுவே அது வரும்போது, வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர் திடீரென்று தம் சொந்த விஷயத்தைப் பேசத் தொடங்கியது போல இருக்கிறது. வானொலிக்கு ஒரு புதுப் பாடல் தேவைப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாமே தவிர வேறு சமாதானம் தோன்றவில்லை. நான் கேட்கும்போது பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறேன்.

'லிட்டில் டிரம்மர் பாய்' குறித்த என் தயக்கம் பாடகியைச் சார்ந்ததன்று. அமெரிக்க இசையாசிரியை கேத்தரின் கென்னிகாட் டேவிஸ் 1941இல் எழுதிய அந்தப் பாடல், முரசொலியை வாயால் சொல்லும் ஒரே உத்தியை இறுதிவரை நம்பியிருப்பது. யார் பாடினாலும் மூன்றாவது முறை அந்த ஒலிக்குறிப்பு வரும்போது பொறுமை குறைகிறது. எமிலூ அதை அலங்கரிக்காமல் பாடியிருப்பது ஓரளவு காப்பாற்றுகிறது. 'த ஃபர்ஸ்ட் நோயல்' பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேரல் கூட்டங்களில் இரண்டாவது சரணத்துக்குப் பிறகு பாதிப் பேர் சொற்களை மறந்து பல்லவிக்காகக் காத்திருக்கும் பாடல் அது. பதிவில் எல்லோருக்கும் சொற்கள் நினைவிருக்கின்றன என்பதே வித்தியாசம்.

இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் 'பியூட்டிஃபுல் ஸ்டார் ஆஃப் பெத்லெஹெம்' அந்தப் பக்கத்தின் உயர்ந்த இடம். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஃபிஷர் பாய்ஸ் எழுதிய இந்தச் சுவிசேஷப் பாடல், ஸ்டான்லி சகோதரர்கள் போன்றோரின் வழியாக ப்ளூகிராஸ் உலகில் பரவியது. மேலே சொன்ன கேரல்கள் நகரத்துத் தேவாலயங்களிலிருந்தும் கடல் கடந்தும் கிராமத்துக்கு வந்தவை என்றால், இது தென்மாநிலக் கிராமங்களின் சொந்தக் குரல். கூட்டமாகப் பாடுவதற்கென்றே அமைந்த அதன் பல்லவியில் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது எமிலூ தம் குரலை முன்னே தள்ளாமல் மற்றவர்களுக்கு இடம்விடுகிறார். ஹார்மனி, அதாவது முதன்மைக் குரலோடு இசைந்து துணைக்குரல் பாடுவதில் அவருக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததன்று. பார்சன்ஸின் பதிவுகளில் துணைக்குரலாகத் தொடங்கியவர் அவர். முன்னணிப் பாடகியாகப் பாடும்போதும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டே பாடும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வீடு வீடாகப் பாடும் கூட்டத்துக்கு மிகவும் வேண்டிய குணம் அது.

'சைலன்ட் நைட்', அதாவது நம் சபைப் பாடல் நூலான பாமாலையின் 'ஒப்பில்லா திரு இரா', கேட்டுச் சலித்த பாடல் என்று தாண்டிப்போக வேண்டாம். 1818ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தின இரவில், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அருகே ஒபெர்ன்டோர்ஃப் என்ற ஊரில், யோசெஃப் மோர் எழுதி ஃப்ரான்ஸ் க்ரூபர் மெட்டமைத்த இப்பாடல் முதன்முதலில் கிட்டார் துணையோடுதான் பாடப்பட்டது. பின்னர் வந்த ஆர்கனும் நூறு பேர் கொண்ட பாடகர் குழுவும் அதற்கு அணிவிக்கப்பட்ட கனத்த ஆடைகள். கன்ட்ரி பாடகர்கள் இதைப் பாடும்போது பழைய எளிமைக்குத் தற்செயலாகத் திரும்பிவிடுகிறார்கள், எமிலூவின் பதிவு அந்த வகையில் பாடலுக்கு நியாயம் செய்கிறது.

தொகுப்புக்குப் பெயர் தந்த கடைசிப் பாடல், தொகுப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1975இல் தனிப்பாடலாக வெளிவந்துவிட்டது. டாலி பார்ட்டன், லிண்டா ரான்ஸ்டட், நீல் யங் ஆகிய மூவரும் அதில் ஹார்மனி பாடுகிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தே ஓர் அரங்கை நிரப்பக்கூடியவர்கள். இங்கே நான்கு நண்பர்கள் கதவைத் தட்டிப் பாடுவது போலத்தான் ஒலிக்கிறார்கள். டாலியின் குரலை எத்தனை குரல்களுக்கு நடுவிலும் பிரித்தறிய முடியும், இங்கும் முடிகிறது. ஆனால் பாடலின் கட்டுக்கோப்பை மீறி அது மேலெழுவதில்லை. பின்னாளில், 1987இல், டாலி, லிண்டா, எமிலூ மூவரும் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பு பெரும் புகழ் பெற்றது. அந்த இணைவை விரும்புவோர் அதன் முளையை இங்கே கேட்கலாம்.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்லலாம். 1984இல் டாலி பார்ட்டனும் கென்னி ராஜர்ஸும் சேர்ந்து வெளியிட்ட கிறிஸ்துமஸ் தொகுப்பு விற்பனையில் எமிலூவின் தொகுப்பை எங்கோ விட்டுவிட்டது. அது தொலைக்காட்சிக்கேற்ற மினுமினுப்போடு செய்யப்பட்ட, உற்சாகமான பதிவு. விருந்தினர் நிறைந்த கூடத்தில் ஒலிக்க ஏற்றது. மாறாக, மெர்ல் ஹாகர்ட் 1973இல் பாடிய டிசம்பர் பாடலில் வேலையிழந்த தகப்பனின் கவலை இருக்கிறது. பண்டிகைக் கூடத்தில் அதை வைத்தால் பேச்சு நின்றுவிடும். எமிலூவின் தொகுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில், கொண்டாட்டத்தையும் துயரத்தையும் வலிந்து காட்டாத இடத்தில் நிற்கிறது. கேட்டவுடன் மனத்தைப் பற்றிக்கொள்ளும் பாடல் வேண்டுவோருக்கு இது சற்று அடக்கமாகத் தோன்றக்கூடும். துள்ளலான முதல் பாடலைக் கேட்டு வாங்குபவர், மீதி ஒன்பதும் அதே வேகத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தால் நிச்சயம் ஏமாறுவார்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்ற கேள்வி எஞ்சுகிறது. 2004இல் ரைனோ நிறுவனம் மூன்று கூடுதல் பாடல்களைச் சேர்த்துக் குறுந்தகடாக மறுவெளியீடு செய்தது. கூடுதல் பாடல்களில் 'செர்ரி ட்ரீ கேரல்' ஒன்றுக்காகவே அந்தப் பதிப்பைப் பரிந்துரைக்கலாம். கர்ப்பிணியான மரியாள் செர்ரிப் பழம் கேட்க, யோசேப்பு கோபித்துக்கொள்ள, மரமே தாழ்ந்து கொடுக்கும் பழைய ஆங்கிலேயக் கதைப்பாடல் அது. அப்பலாச்சிய மலைப்பகுதியில் சேகரிக்கப்பட்ட அதன் சில வடிவங்களில், இயேசு தாம் பிறக்கும் நாளை ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில் என்று சொல்வார். 1752இல் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் நாட்காட்டியை மாற்றி 11 நாட்களைத் தள்ளிவிட்ட பிறகும், மலைவாழ் மக்கள் சிலர் பழைய கிறிஸ்துமஸையே பின்பற்றிவந்ததன் தடம் அது. ஊர் நினைவு என்பதைப் பனியும் மெழுகுவர்த்தியுமாக அறிந்தவர்களுக்கு, ஒரு பாட்டுக்குள் தேதியே உறைந்து நிற்கும் இந்த மரபு இன்னும் ஆழமான நினைவாகப் படும்.

கூடுதல் பாடல்களில் கேட்பது பல ஆண்டுகள் கடந்த எமிலூவின் குரல். கரகரப்பு கூடி, மேல் சுரங்களில் காற்று கலந்திருக்கிறது. எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடிக்கும். ஆயினும் அவை 'லைட் ஆஃப் த ஸ்டேபிள்' பாடலுக்குப் பிறகு வருவதால், நால்வரும் சேர்ந்து பாடி முடித்த கட்டான இறுதி தளர்ந்துவிடுகிறது. ஆகவே முதன்முறை கேட்பவர் பத்தாவது பாடலோடு நிறுத்திவிட்டு, கூடுதல் மூன்றையும் வேறொரு நாளில் தனியே கேட்பது நல்லது. பழைய இசைத்தட்டு நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்; பக்கம் மாற்ற எழுந்திருக்க வேண்டியிருப்பதால் 'பியூட்டிஃபுல் ஸ்டார்' ஒரு புதுத் தொடக்கமாகவே கேட்கும். இணையச் செயலிகளில் கேட்பவர்கள் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடட்டும், ஏனெனில் முதல் இரண்டு பாடல்களின் வரிசை குலைந்தால் இத்தொகுப்பின் பாதி அழகு போய்விடும். 'ஏஞ்சல் ஐஸ்' பாடலை நீக்கிவிடுவதற்கு மட்டும் அந்தச் செயலியைப் பயன்படுத்தினால் என்னிடமிருந்து ஆட்சேபம் வராது.